கெலமங்கலத்துக் குடும்பங்களில் ஸ்பானியப் பெயரடையின் நடமாட்டம்: ஒரு முன்னாய்வு

வீட்டு மனிதர்களை வருணிக்கச் சொல்லிக்கொடுப்பது மொழிப் பாடங்களிலேயே எளியது என்று கல்வியாளர்கள் கருதுகிறார்கள். அப்படிக் கருதியவர்களில் எவரும் கெலமங்கலம் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

ஆய்வுக்களம், ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே உள்ள இவ்வூரின் ஒரு தெரு. தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கும் அங்கே ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும். ஆய்வுப்பொருள், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீட்டுப்பாட நோட்டு. சி.பி.எஸ்.இ.யின் மொழிப்பட்டியலில் ஸ்பானியமும் உண்டு; ஓசூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. ‘என் குடும்பம்’ என்று தலைப்பு. ஆளுக்கொரு பெயரடை போட்டு வாக்கியம் எழுத வேண்டும்.

முதலில் பால் தகராறு. தமிழில் உயரமான அப்பா, உயரமான அம்மா; அடைமொழி அசைந்து கொடுப்பதில்லை. ஸ்பானியத்தில் அப்பா ‘ஆல்த்தோ’, அம்மா ‘ஆல்த்தா’. உயரமான அத்தைகள் எத்தனை பேர் நின்றாலும் ‘ஆல்த்தாஸ்’. நடுவில் ஒரே ஒரு சித்தப்பா வந்து நின்றுவிட்டால் மொத்தக் கூட்டமும் ‘ஆல்த்தோஸ்’ ஆகிவிடும். இதைக் கேட்ட சிறுமியின் அம்மா, “இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஸ்பானியத்தில் மேசையும் பெண்பால் என்ற செய்தி சிறுமியின் பாட்டியான அவ்வாவை எட்டியபோது விவாதம் சூடுபிடித்தது. அவ்வாவின் தாய்மொழியான தெலுங்கில், ஆண் வந்தால் ‘வச்சாடு’. பெண் வந்தாலும் பசு வந்தாலும் ‘வச்சிந்தி’தான். (மரியாதையாகச் சொன்னால் ‘வச்சாரு’ உண்டு என்பதை, தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணம் கருதி இங்கே பதிவு செய்கிறோம்.) பசுவோடு நிற்பதா, மேசையோடு நிற்பதா என்ற வினாவுக்கு அவ்வா யோசிக்கவே இல்லை. பசு பால் கறக்கும்.

இனி உறவுமுறை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை வீட்டுக்காரர் எல்லாரும் ஸ்பானியத்தில் ‘தீயோ’. 1492ல் அம்மொழிக்கு முதல் இலக்கண நூல் எழுதி இசபெல் அரசிக்குச் சமர்ப்பித்த நெப்ரிஹா, சீர் செய்யும் தீயோ யார், சொத்தில் பங்கு கேட்கும் தீயோ யார் என்று பிரித்தறியும் தேவையே இல்லாத நாட்டில் பிறந்தவர் போலும். நியூயார்க் மாகாணத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871ல் வெளியிட்ட பெருநூலில், தமிழரின் உறவுமுறையும் அமெரிக்கப் பூர்வகுடிகளான செனகாக்களின் உறவுமுறையும் பெரிதும் ஒத்துப்போவதைக் காட்டினார். பள்ளி நிர்வாகம் ஸ்பானியத்தை விட்டுச் செனகா மொழியை எடுத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

சிறுமி தானே ஒரு வழி கண்டாள். ‘ராயக்கோட்டை தீயோ’, ‘கம்பெனி தீயோ’ என்று எழுதிவைத்தாள். இவ்வாய்வின் மையக் கருதுகோள் இங்கிருந்துதான் பிறந்தது. நம் வீடுகளில் ஒருவருக்கு உரிய அடைமொழி அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது: பெரியப்பா, சின்னம்மா, ஓசூர் அத்தை. ஊர், வயது, வேலை ஆகியவற்றை முகத்துக்கு நேரே சொல்லலாம். குண்டு, கஞ்சம், சோம்பேறி போன்ற குணம்குறை சார்ந்தவை, உரியவர் தெருமுனை தாண்டிய பிறகே புழக்கத்துக்கு வரும். அடுப்படியில் மட்டும் வழங்கும் இச்சொற்களை நோட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கி வா என்கிறது பாடத்திட்டம்.

அயல்மொழி இதற்கொரு திரை தருகிறது. ஓசூர் அத்தைக்குச் சிறுமி போட்ட அடை ‘கோர்தா’. குண்டு என்று பொருள். அத்தை அர்த்தம் கேட்டபோது, “பாசமானவங்கன்னு அர்த்தம் அத்தை” என்று பதில் வந்தது. லத்தீன் அமெரிக்காவில் கணவனும் மனைவியும் கொஞ்சலாக ஒருவரை ஒருவர் ‘கோர்தோ’, ‘கோர்தா’ என்று அழைப்பது உண்மையிலேயே வழக்கம். ஆகவே அவள் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அத்தை இப்போது போனில் “கோர்தா பேசறேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார்.

ஆய்வுக் குழு திணறிய இடம் வினைச்சொல். ‘இருக்கிறார்’ என்பதற்கு அங்கே ‘எஸ்’, ‘எஸ்தா’ என இரண்டு. நிலையான குணத்துக்கு முன்னது, வந்துபோகும் நிலைக்குப் பின்னது என்பது வகுப்பறை விதி. ராயக்கோட்டை மாமா பாலிஹவுஸில் தாஜ்மஹால் ரோஜா போட்டிருக்கிறார். பிப்ரவரி 14 வரை அவர் சந்தோஷத்துக்கு எஸ்தா. அதன் பிறகு வரும் சோகத்துக்கும் எஸ்தா. இதுவரை சரி. ‘போப்ரே’ என்ற அடையைப் பெயருக்கு முன்னால் வைத்தால் பாவப்பட்ட மாமா, பின்னால் வைத்தால் காசில்லாத மாமா. மார்ச் மாதத்தில் எங்கே வைக்கலாம் என்று அவரையே கேட்டோம். ரெண்டு பக்கமும் வை என்றார்.

அப்பா விஷயம் அப்படி இல்லை. சிப்காட்டில் நைட் ஷிப்ட். சிறுமிக்கு நினைவு தெரிந்த நாள் முதல் களைப்பாகவே இருக்கிறார். ஆகவே நிலையான குணம் என்று கொண்டு ‘எஸ் கன்சாதோ’ என எழுதினாள். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். களைப்பு எத்தனை வருஷம் நீடித்தாலும் எஸ்தாதான். எஸ் போட்டால், பிறரைக் களைப்படையச் செய்யும் ஆசாமி என்று பொருளாகும். திருத்தத்தைப் படித்துக்காட்டியபோது அம்மா, “முதல்ல எழுதினதே இருக்கட்டும்” என்றார்.

சுவரில் சந்தனமாலையோடு இருக்கும் தாத்தாவுக்காவது எஸ் கிடைக்கும் என்று எண்ணினோம். இல்லை. இறந்தவருக்கும் ஸ்பானியத்தில் எஸ்தாதான். சாவும் ஒரு நிலை, அவ்வளவே. வகுப்பறை விதி இவ்விடத்தில் உடைந்து விழுகிறது. அவ்வா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “அமாவாசைக்கு வடை வெச்சா காக்காவா வர்றாரில்ல? அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்று ஸ்பானியர்களை அங்கீகரித்தார்.

காக்கையாக வரும் தாத்தாவுக்கு எந்த அடை பொருந்தும் என்ற மேலாய்வுக்கு ராயக்கோட்டை மாமாவிடம் நிதி கோரியுள்ளோம். பிப்ரவரியில் பார்க்கலாம் என்கிறார்.