வெட்டு மெசினும் மூலை வெட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெற்செய்கை வானத்தை நம்பியது. ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் தலைகாட்டும் வழுக்கியாற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத இச்சுண்ணக்கல் மண்ணில், வடகீழ்ப் பருவமழையை எதிர்பார்த்து விதைத்துத் தை, மாசியில் வெட்டி எடுக்கும் காலபோகமே பெரும்பாலான வயல்களுக்கு வாய்த்த ஒரே போகமாகும். அவ்வெட்டுக்கு அரிவி வெட்டு என்று பெயர். அரிந்த கதிரைச் சிறு குவியல்களாக வயலில் இட்டால் அது உப்பட்டி. உப்பட்டிகளைக் கட்டிச் சுமந்து களத்தில் அடுக்கினால் சூடு. மாடுகளையோ, பின்னாளில் மசி பேர்கசன் ரக்ரரையோ அதன்மேற் சுற்றவிட்டு நெல்மணியை உதிர்ப்பது சூடடித்தல். இத்தனை வேலையையும் ஒரே வயிற்றுக்குள் முடித்துவிடும் என்று விற்பவர்களால் உறுதி கூறப்படுவது கூட்டறுவடை இயந்திரம், அதாவது வயற்கரையில் வெட்டு மெசின் என்று வழங்கப்படுவது.

இதன் உள்ளமைப்பு கேட்பதற்கு எளியது. முன்னாலுள்ள சுழலி கதிரை வளைத்துக் கத்தியின்மேற் சாய்க்க, அறுந்த தாள் உள்ளே ஏறி உருளையில் அடிபட, சல்லடையும் காற்றாடியும் பதரையும் கூளத்தையும் பிரித்துவிட, நெல் தொட்டியிலும் வைக்கல் பின்னாலும் விழும். மெசினுக்கு வயது ஏறியதும் இந்த ஒழுங்கு சற்றே தளர்ந்து, வைக்கலிற் கொஞ்சம் தொட்டிக்கும் நெல்லிற் கொஞ்சம் பின்னாலும் போகத் தொடங்கும். இதை முதலிற் கண்டுபிடிப்பவர் உரிமையாளருமல்லர், ஓட்டுநருமல்லர், அயல்வீட்டுக் கோழிகளே. கடுகின் உறவான கனோலாவை விளைவிக்கும் கனடாவின் மேற்குப் புல்வெளிகளிலும் பழைய மெசின் வைத்திருப்போரின் கவலை இதுவேயாம்: அதன் விதை ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் பருமனே உடையதாகையால், தகட்டில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் அதன்வழி விளைச்சல் நிலத்துக்குத் திரும்பிவிடும் என்று அஞ்சி, அறுவடைக்கு முன்னர் இடுக்குகளையெல்லாம் நாடா ஒட்டி அடைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்நாடாவின் இடத்தை யூரியாப் பையின் துண்டும் கட்டுக்கம்பியும் வகிக்கின்றன. நெல்மணி பெரிதாகையால் அது போதுமானதென்று கருதப்படுகிறது.

இவ்வியந்திரம் பிறந்த நிலத்தின் அளவை அறிந்தால்தான் அது வந்து சேர்ந்த இடத்தில் படும் பாடு விளங்கும். அமெரிக்காவின் மிச்சிக்கனில் ஹைரம் மூர் என்பவர் 1836 இல் காப்புரிமை பெற்ற முதற் கூட்டறுவடைப் பொறியைப் பல குதிரைகள் சேர்ந்து இழுத்தன. 1938 இல் மசி ஹரிஸ் நிறுவனம் தானே ஓடும் மெசினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் எல்லை தெரியாத வெளிகளை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. கனடாப் புல்வெளியில் காணியளவின் வழக்கமான கூறு கால் சதுரமைல், அதாவது 160 ஏக்கர். குடாநாட்டில் 16 பரப்பு ஓர் ஏக்கராகையால் அது 2560 பரப்பு. அவ்வளவு நிலம் தென்மராட்சியில் ஒரே துண்டாகக் கிடந்திருக்குமாயின், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனமாகவும் பெற்றோர்வழி வரும் முதுசமாகவும் அது பிரிந்து பிரிந்து, எத்தனை வரம்புகளையும் எத்தனை எல்லை வழக்குகளையும் ஈன்றிருக்கும் என்பதை அனுபவமுள்ள நொத்தாரிசு ஒருவரே கணக்கிட வல்லவர். எட்டுப் பரப்பு வயலொன்றில் இறங்கும் மெசின் முன்னேறுவதைவிடத் திரும்புவதற்கே அதிக டீசலைச் செலவிடுகிறது. அது திரும்ப இயலாத மூலைகளை முன்கூட்டியே அரிவாளால் வெட்டி வைக்கவேண்டும். இதுவே மூலை வெட்டு. ஆட்கள் கிடைக்கவில்லை என்பதற்காக மெசினைப் பிடித்தவர், மெசின் இறங்குவதற்காக ஆட்களைத் தேடி அலைவதை அடுத்த வரம்பில் நிற்பவர் மிகுந்த அனுதாபத்துடன் பார்த்துக்கொண்டிருப்பார்.

இருந்தும் ஆயுள் முடிந்த மெசின்கள் இங்கே தொடர்ந்து ஓடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990 இன் பின்னர் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல், டீசல், பற்றரி, யூரியா ஆகியவை வராது போன குடாநாட்டில், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. கலியாண ஊர்வலமும் அதே மணத்தோடுதான் போயிற்று. அந்தப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற மெக்கானிக்குகளுக்கு, உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்பது ஒரு செய்தியே அன்று. போர் முடிந்த 2009 இன் பின்னர் ஏ-9 வீதிவழி வந்து சேர்ந்த மெசின்கள் அவர்களுடைய கையிற் சிக்கி, றப்பர்ச் சங்கிலி கிழிந்த இடத்தில் லொறி ரயர்த் துண்டும் நட்டும் ஏறி, உற்பத்தி செய்தவரே அடையாளம் காணமுடியாத உருவத்தை எய்தின. அறுத்தெறியப்பட்ட பெல்ட் ஒன்று கிணற்றடித் துலாவிற் கட்டப்பட்டிருப்பதைக் காண்பது அரிதன்று.

மெசின் வருமுன் உரிமையாளரோடு தொலைபேசியிற் பேசும் பருவம் ஒன்று உண்டு. அது அறுவடைப் பருவத்தைவிட நீண்டது. "இன்னும் ரெண்டு பரப்புத்தான் அண்ணை, முடிச்சிட்டு நேர உங்கட வயலுக்குத்தான் வாறன்" என்ற விடை காலையிலும் மாலையிலும் சொல் மாறாமல் வரும். அந்த இரண்டு பரப்பு மட்டும் குடாநாட்டில் எங்கேயிருக்கிறது என்பது எவருக்கும் புலப்படுவதில்லை. வந்தபின்னர் கூலி மணிக்கணக்கா ஏக்கர்க்கணக்கா என்ற விவாதம் எழும். மெசின் சேற்றிற் புதைந்து நின்ற நேரத்தை மணிக்கணக்கிற் சேர்க்கலாமா என்பதில் இரு தரப்பும் இன்றுவரை உடன்பட்டதில்லை.

பழைய முறையின் அருமை இங்கேதான் தெரிகிறது. சூடு வைத்த நெல் அவசரப்படாது. தாளோடு காய்ந்தபடி, வேலையாட்களுக்கும் நல்ல நாளுக்குமாகக் கிழமைக்கணக்கிற் பொறுத்திருக்கும். மெசினோ 20 முதல் 24 வீத ஈரப்பதனுள்ள நெல்லை ஒரே மத்தியானத்தில் மூட்டை மூட்டையாகக் கையிற் கொடுத்துவிட்டுப் போய்விடும். களஞ்சியத்தில் வைப்பதற்கு அது 14 வீதமாக வேண்டும். முன்னர் நெல் மனிதருக்காகக் காத்திருந்தது, இப்போது மனிதர் மெசினுக்காகவும் வெயிலுக்காகவும் காத்திருக்கின்றனர் என்பதே நடந்த மாற்றமாகும். வைக்கலின் கதை வேறு. மெசின் நசித்துச் சிதறவிடும் தாளைக் கூட்டி எடுப்பது கூலிக்குக் கட்டாது. பட்டடையாக அடுக்கிய வைக்கலைத் தின்று பழகிய மாடுகளோ அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புகின்றன.

முருகனுக்கு இத்தொல்லை இல்லை. தைப்பூசத்தையொட்டி நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வயலில் நடைபெறும் புதிர் எடுத்தல், அதாவது புதுநெல்லை முதன்முதல் அரிந்து படைக்கும் சடங்கு, அரிவாளினாலேயே நிறைவேறுகிறது. மற்றவர்களுடைய நெல் தார்வீதியிற் பரப்பப்பட்டு ஒரு பக்கப் போக்குவரத்தை நிறுத்துகிறது; ஒழுங்கை, அதாவது வேலிகளுக்கிடையிலான குறுகிய பாதை, ஆயின் இரு பக்கமும் நின்றுவிடும். வெட்டி முடித்த மெசினை ஏற்றிக்கொண்டு அடுத்த வயலுக்குப் புறப்படும் லொறி, அதே மெசின் காலையில் வெட்டிக் கொடுத்த நெல்லின் முன்னால் வந்து நிற்க, நேற்றுவரை அதற்காகத் தவங்கிடந்த வயற்காரர் காற்பாதத்தால் நெல்லைத் துழாவியபடி, "வெயில் தாழட்டும் தம்பி, அள்ளிவிடுறன்" என்று சொல்லிவிடுகிறார். லொறி நின்ற இரண்டு மணித்தியாலத்துக்கும் தன்னிடம் காசு கேட்கக்கூடாது என்பதை அடுத்த வயற்காரர் தொலைபேசியிலேயே தெளிவுபடுத்திவிட்டார்.