கேள்வி வங்கியில் கடன் கிடைக்குமா?

கேள்வி: நீட் பி.ஜி. எழுதி எம்.எஸ். சர்ஜரி சேர ஆசை. நண்பர்கள் ஆளுக்கொரு கேள்வி வங்கியைச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
- ஒரு ஹவுஸ் சர்ஜன், தருமபுரி

பதில்: ஒன்றே ஒன்றை. இரண்டு வாங்கியவர்கள் எது உசத்தி என்று ஒப்பிட்டே வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

வாங்குமுன் அதன் விளக்கங்களில் பத்தைப் படித்துப் பாருங்கள். 'சரியான விடை சி' என்பதோடு நின்றால் விட்டுவிடுங்கள். மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று சொல்கிறதா, அதுதான் சரக்கு. எக்ஸ்ரே, ஸ்கேன் படக் கேள்விகள் வேண்டும். கடிகாரமும் வேண்டும்: 2024 முதல் தேர்வின் 200 கேள்விகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். திரும்பிப் போக முடியாது. சரிக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 கழிவு. பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் குறிப்பவருக்கு இது கொஞ்சம் கொடுமைதான்.

சர்ஜரிக் கேள்விகளை மட்டும் போடலாமே என்று நினைக்காதீர்கள். கத்தி பிடிக்க வருகிறவரிடம் கொசு ஒழிப்பையும் கேட்பார்கள்.

ஆனால் வார்டில் குடலிறக்கத்தோடு படுத்திருக்கும் பாலக்கோட்டுப் பெரியவர் ஏ, பி, சி, டி என்று விடை கொடுக்கமாட்டார். அவர் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். சந்தா கட்டத் தேவையில்லை.