கடாரத்து மாமா பதில்கள்

அலோர்ஸ்டார் வாசகி: 'கடாரம் கொண்டான்' என்று சோழனைப் பாடுகிறோமே, கடாரம், அதாவது நம் கெடா, யாரையாவது வென்றதுண்டா, மாமா?

உண்டு. ராஜேந்திர சோழன் படை கடல் தாண்டி வந்தது 1025 வாக்கில். கடாரம் திருப்பி வென்றது பாட்டால். 1986-இல் உங்கள் ஊரில் பிறந்த பாடகி யூனா, சட்டம் படித்துக்கொண்டே கிட்டாரும் பழகி, மென்குரலில் பாடி மைஸ்பேஸில் ஏற்றினார். பிறகு அமெரிக்காவின் ஃபாரல் வில்லியம்ஸ் அவருக்குப் பாட்டுத் தயாரித்தார்; 2016-இல் பாடகர் அஷர் அவரோடு சேர்ந்து பாடினார். யானைப்படை இல்லை, ஒரு கிட்டார்தான்!

சுங்கைப்பட்டாணி வாசகர்: இப்படிப்பட்ட கிட்டார் பாட்டுக்கு வயலினும் செல்லோவும் எதற்கு? வெள்ளைக்காரன் பந்தா இல்லையா?

வயலினை பாலுசுவாமி தீட்சிதர் நம் கச்சேரிக்குக் கொண்டுவந்து சுமார் 200 ஆண்டு ஆகிறது. 1986-இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாக்கையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். இலை போட்டாயிற்று, நீங்கள் இன்னும் வாசலிலேயே நிற்கிறீர்கள்.

பாலிங் வாசகர்: நல்ல பாடகருக்கு அடையாளம்?

வயலின் பேசும்போது வாயை மூடிக்கொள்வார்.

பீடோங் வாசகர்: எங்கள் உறுமி மேளத்தைவிட இந்த வயலின், செல்லோவெல்லாம் உசத்தியா?

வம்பை விலைக்கு வாங்காதீர்கள். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பை மட்டும் தனியே கேளுங்கள். உள்ளே இருந்து ஒரு முனகல் எழும்பும். செல்லோக்காரர் எழுந்து நின்று கும்பிடுவார்.

கூலிம் வாசகி: தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இந்த மென்குரல் பாட்டுக்கும் என்ன ஒட்டு?

லயத்து வீடுகளில் தூளி ஆட்டிய தாலாட்டுக்கு மைக் இருந்ததா? ஒப்பாரிக்கு மேடை போட்டார்களா? விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடி, பால்மரம் சீவி, ஒட்டுப்பால் சுமந்த கைகள்தான் ராத்திரியில் தூளியும் ஆட்டின. பால்மரம் போய் செம்பனை வந்தது. பாடியவர்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபோனார்கள். எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினார். கெடாவில் நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? அந்தப் பாட்டுகள் போனால் திரும்பி வராது.

லூனாஸ் வாசகர்: நாலு பேர் சேர்ந்து குழு தொடங்குகிறோம். கையில் காசில்லை. யோசனை?

பாட்டி வீட்டுக்குப் போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை இரண்டு சாண் தள்ளி வையுங்கள், அவர் பாடி முடிக்கும்வரை கிட்டாரைத் தொடாதீர்கள். பிறகு அதே பாட்டை நீங்கள் பாடிக் காட்டுங்கள். கைதட்ட மாட்டார், எந்த இடத்தில் இழுத்தீர்கள், எந்த இடத்தில் முழுங்கினீர்கள் என்று பிட்டுப்பிட்டு வைப்பார். அந்த வாத்தியாருக்குச் சம்பளம் ஒரு குவளை தேத்தண்ணி.