நீர் ஏறிய ஏரியும் மஸ்கி அகப்படாமையும்: ஒரு காரணவியல் ஆய்வு

மஸ்கி மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதைப் பற்றி எழுத வந்தவர்கள் எல்லோரும் மீனையே ஆராய்ந்துவிட்டார்கள். இது அடிப்படைப் பிழை. மீன் அகப்படுவது அரிது. அகப்படாததற்கான காரணமோ நாள்தோறும் கிடைக்கிறது. எது ஏராளமோ அதை ஆராய்வதே முறை. ஆகவே இக்கட்டுரை காரணங்களைப் பற்றியது. அவற்றுள்ளும் தலையாயதாகிய பெருவெள்ளத்தைப் பற்றியது.

மீனைப் பற்றி இவ்வளவு போதும்: வட அமெரிக்க நன்னீரில் வாழும் பைக் குடும்பத்தில் இதுவே பெரியது. நாலடிக்கு மேலும் வளரும். பல்லுக்குப் பயந்து தூண்டில் நரம்பின் நுனியில் எஃகுக் கம்பி கட்டுவார்கள். விஸ்கான்சின் 1955-இல் இதைத் தன் மாநில மீனாக்கியது. 'பத்தாயிரம் வீச்சு மீன்' என்று பட்டப்பெயரும் உண்டு. ஆனால் அந்தப் பத்தாயிரம் எந்த நீர்மட்டத்துக்கு உரியது என்பதைப் பட்டம் கொடுத்தவர்கள் சொல்லாமல் போய்விட்டார்கள். ஏரி கரையை மீறித் தோட்டத்துக்குள் வந்து நிற்கும்போதும் அதே பத்தாயிரம்தானா? பஞ்சப்படி மாதிரி ஏதாவது கூட்டித்தர வேண்டாமா?

ஆய்வுக் களம், அமெரிக்காவின் மினசோட்டாவுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் இடையிலுள்ள எல்லை ஏரிகள். 2022-இல் தாமதமாக உருகிய பனியும் விடாத மழையும் சேர்ந்து ரெய்னி ஏரியை 1950-இன் உச்சத்துக்கும் மேலே ஏற்றின. அந்த நீரெல்லாம் ரெய்னி ஆற்றின் வழியாக லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியில் போய் இறங்கியது. படகுத்துறைகள் மிதந்து போய்விடாதபடி அவற்றின் மேல் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை ஏற்றி வைத்தார்கள். தண்ணீரை அடக்கத் தண்ணீரையே பாரமாக்கிய இந்த உத்தி தனி முனைவர் பட்டத்துக்கு உரியது.

இக்களத்தைத் திணையாகக் கொண்டு முதல், கரு, உரி வகுப்போம். முதல், மூழ்கிய கரையும் ஜூன் மாத விடியலும். கரு, மஸ்கி, பெர்ச், லூன் பறவை, கொசு. இவற்றுள் கொசுவே மிகுதி. உரி, வீசலும் வீசல் நிமித்தமும். ஊடல் வீட்டில் நிகழ்வதாகலின் இங்கே கொள்ளப்படவில்லை.

நீர் ஏறினால் மீன் எங்கே போகும் என்பதில் மூன்று கட்சிகள். மூழ்கிய புல்லுக்கும் வில்லோப் புதருக்கும் சிறுமீன் போகும், அதன் பின்னே மஸ்கியும் போகும் என்பது கரைக் கட்சி. பழகிய நீர்ச்செடி விளிம்பை விட்டு மஸ்கி நகராது என்பாரும் உளர். அது பொருந்தாது, கலங்கிய ஆழத்தில் வெயில் இறங்காமையால் அந்த ஆண்டு செடியே தாமதமாகத்தான் முளைக்கிறது, முளைக்காத செடிக்கு விளிம்பு ஏது? தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் நீர் விரைந்து ஓடும், பாறை முனைக்குப் பின்னால் ஓட்டம் அடங்கும் இடத்தில் மஸ்கி ஓய்வாக நின்று இரைக்குக் காத்திருக்கும் என்பது மூன்றாம் கட்சி. இக்கட்டுரையாளர் சார்வது இதையே. அங்கே காற்று உண்டு, கொசு குறைவு.

லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியில் 14,000-க்கும் மேற்பட்ட தீவுகள் இருப்பதால் எந்தக் கட்சியும் ஓர் ஆயுளுக்குள் தோற்கடிக்கப்படும் அபாயம் இல்லை. வழக்கமாகத் தலைநீட்டி நிற்கும் பாறைகள் பெருநீரில் அரையடி ஆழத்துக்குள் போய்விடுகின்றன. அவற்றைக் கண்டறியும் கருவி மோட்டாரின் விசிறி. ஒரே முறைதான் பயன்படும்.

இனி இரை. கலங்கல் நீரில் பெரிய இரட்டைத் தகடு சுழலும் பக்டெயில் என்னும் செயற்கை இரையை, கறுப்பிலோ ஆரஞ்சிலோ, வீசுவது மரபு. தகடு எழுப்பும் அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டு உறுப்பால் உணர்ந்து தேடி வரும். இரை படகருகே வந்ததும் கோலின் நுனியை நீரில் அமிழ்த்தி எட்டுப் போட வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்குப் போடும் அதே எட்டுதான். இங்கே தேர்வு அதிகாரி நீருக்கடியில் இருக்கிறார், முடிவை அறிவிப்பதில்லை.

ஆய்வின் உயிர்நாடி இங்கேதான். இரையின் பின்னாலேயே வந்து, படகடியில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது மஸ்கியின் குணம். தெளிந்த நீரில் அது நடந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கலங்கல் நீரில் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வீச்சிலும் ஒரு பெரிய மீன் வந்து திரும்பியது என்று கொள்ள எந்தத் தடையும் இல்லை. தெளிநீரில் வெறுங்கையோடு வருபவன் திறமையில்லாதவன்; பெருநீரில் வெறுங்கையோடு வருபவன் இயற்கையோடு மோதியவன்.

பிடித்தவர்களுக்காவது நிம்மதி உண்டா என்றால், அதுவும் இல்லை. விஸ்கான்சினில் 1949 ஜூலையில் கால் ஜான்சன் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மஸ்கியைப் பிடித்தார். அக்டோபரில் லூயி ஸ்ப்ரே 69 பவுண்டு 11 அவுன்ஸ். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் முன்னதையே உலகச் சாதனை என்கிறது. ஹேவர்டிலுள்ள நன்னீர் மீன்பிடிப் புகழ்மண்டபம் பின்னதை என்கிறது. இரண்டையும் ஐயுறுவாரும் உளர். பிடிக்காதவனிடம் யாரும் தராசு கேட்டதில்லை.

நீர் வடிந்த பிறகு கிழக்குக் காற்று, மேகமற்ற வானம், முழுநிலா ஆகிய சில்லறைக் காரணங்களை வைத்தே ஆகஸ்டை ஓட்ட வேண்டியிருக்கும். இவற்றுள் முழுநிலாவை மீன் பிடித்தவர்களும் தங்கள் வெற்றிக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். அதைப் பயன்படுத்துவோர் முதலில் அக்கம்பக்கத்துப் படகுகளை விசாரித்துக்கொள்வது நல்லது.