ஒரு கால் வித்தியாசம்: மணலி மலையடிவாரச் சைக்கிள் பாதைகள் பற்றிய ஆய்வுரை

பாயிரம்

என் அக்கா மகன் போன கோடையில் மணாலிக்குப் போய், அங்கிருந்து லே வரைக்கும் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தான். நானூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் தங்லங் லா என்று 5,300 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயாம். வந்த நாளிலிருந்து அவன் பேச்சே மாறிவிட்டது. "ரசம் போதும்" என்பதைக்கூட எங்கோ உயரத்தில் நின்றுகொண்டு சொல்கிறான். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், "மாமா, வாழ்க்கையில ஒருதடவையாவது நீங்க மணாலி போகணும்" என்றான். பிறந்ததிலிருந்து மணலியிலேயே குடியிருப்பவனைப் பார்த்து!

அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் இவ்வாய்வின் மூல உண்மை புலப்பட்டது. மணலிக்கும் மணாலிக்கும் இடையில் உள்ளது ஒரே ஒரு கால். தமிழ் அரிச்சுவடியில் அதைத் துணைக்கால் என்பார்கள். அவர்களுடைய கால் ஊர்ப் பெயரிலேயே நின்றுவிட்டது. எங்கள் கால் பெடல் மிதிக்கப் போயிருக்கிறது. இப்படி இருக்கையில், அங்கே உள்ள மலையடிவாரமும் சந்தடியற்ற சாலையும் இங்கே மட்டும் இல்லாமல் போகுமா?

இல்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை. உண்டு என்றும் எவரும் எழுதவில்லை. இத்துறையில் முன்னோர் நூல் ஒன்றுகூட இல்லாதது இந்த ஆய்வுக்குப் பெருமை. முன்னோர்களுக்கு வேறு வேலை இருந்தது.

கருவியியல்

ஆய்வுக்குப் பயன்பட்டது, பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், செயின் கவர் ஒன்று தன் இஷ்டத்துக்குப் பாடிக்கொண்டு வரும். அக்கா மகனின் சைக்கிளில் இருபத்தேழு கியர். அவற்றில் இருபதைத் தொடவே இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

ஏற்றத்தை அளக்க அவனிடம் ஒரு செயலி இருக்கிறது. நான் தூக்குச்சட்டியைப் பயன்படுத்தினேன். ஹேண்டில்பாரில் ரசம் நிறைந்த தூக்கை மாட்டிக்கொண்டு போனால், எவ்வளவு சிந்துகிறது என்பதிலிருந்து ஏற்றத்தின் கடுமை தெரிந்துவிடும். சாம்பார் இதற்கு உதவாது. கெட்டியாக இருப்பதால் சின்ன மேடுகளை மறைத்துவிடும். முதல் நாள் அளவீட்டில் என் வேட்டியும் கலந்துகொண்டது. இரண்டாம் நாளிலிருந்து பேண்ட்.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மலையேற்றங்களை நான்காம் வகையிலிருந்து முதல் வகை வரை பிரித்து, அதற்கும் மேற்பட்டவற்றை 'வகைக்கு அப்பாற்பட்டவை' என்பார்கள். பழைய கார் ஒன்று எந்த கியரில் ஏறியதோ அதை வைத்துத்தான் இந்த எண்கள் வந்தன என்று ஒரு கதை உண்டு. நம்மூரில் வகை வேறு. உட்கார்ந்தபடி மிதிப்பது மூன்றாம் வகை. எழுந்து நின்று மிதிப்பது இரண்டாம் வகை. இறங்கித் தள்ளுவது முதல் வகை. இறங்கித் தள்ளும்போது பின்னால் வருகிறவர் "இன்னா தலைவா, காத்து போச்சா?" என்று விசாரித்தால் அது வகைக்கு அப்பாற்பட்டது.

மலையியல்

மணலி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். இதைச் சொல்லி ஆய்வை முளையிலேயே கிள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் கண்டெய்னர் யார்டுப் பக்கம் போனதில்லை.

ஒரு சாதாரணக் கண்டெய்னர் எட்டரை அடி உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தை அடுக்கினால் நாற்பத்திரண்டரை அடி. மணலியைச் சுற்றி இப்படிப்பட்ட மலைத்தொடர்கள் பல இருக்கின்றன. இமயமலையின் வயது ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டு என்கிறார்கள் நிலவியலார். எங்கள் தொடரின் பிறப்பு துல்லியமாகவே தெரியும்: 1956 ஏப்ரல் 26. அன்றுதான் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரிக் கம்பெனிக்காரர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பிவைத்தார். இமயம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்கிறது. எங்கள் மலைகள் சாயந்தரம் ஓரிடத்தில் இருந்து, விடிவதற்குள் இன்னோரிடத்தில் எழும். அடுக்குகளும் தெளிவு. நீலம், அதன்மேல் துருச்சிவப்பு, அதன்மேல் பச்சை. எந்தப் பாறையிலும் இவ்வளவு பளிச்சென்று வயதைப் படிக்க முடியாது. கதவிலேயே எழுதியிருக்கிறது.

மாலை நாலரைக்கு மேல் இந்த மலைகளின் கிழக்கு அடிவாரத்தில் சைக்கிள் விட்டுப் பாருங்கள். பகல் முழுக்கக் காய்ந்த தார் ரோட்டில் திடீரென்று நிழல் விழும். முழங்காலில் படும் சூடு குறையும். மலையடிவாரத்துக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? நிழலைத் தர மறுக்கும் மலையை நான் எங்கும் பார்த்ததில்லை, எதைக் கொண்டு செய்திருந்தாலும்.

சிகரத்தில் தீபமும் உண்டு. திருவண்ணாமலையில் கார்த்திகைக்குக் கார்த்திகைதான் ஏற்றுவார்கள். இங்கே 1969-இல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் மிச்ச வாயுவை எரிக்கும் சுடர் தெரியும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு அதுதான் திசைகாட்டி. கிரிவலம் மட்டும் இன்னும் தொடங்கவில்லை. நான்கு பக்கமும் காம்பவுண்டுச் சுவர்.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் சேர்க்க வேண்டாமா என்று பஞ்சர் கடைப் பெரியவர் கேட்டார். உயரமும் இருக்கிறது, முந்நூறு ஏக்கருக்கு மேல் பரப்பும் இருக்கிறது. ஆனால் அதை மலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நகரம் முழுக்கத் தின்றுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து வடசென்னையில் பல பத்தாண்டுகளாகக் கொட்டியது. இப்போது அதைக் கிளறிப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது. கரைந்து முடியட்டும், இந்தத் தொடரிலிருந்து ஒரு மலை குறைந்ததாக மறுபதிப்பில் மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறேன்.

பாலங்கள் தனி. மணலியிலிருந்து திருவொற்றியூர் போக பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியாக வேண்டும். தாண்டும் பாலத்தின் ஏற்றம் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி எவரெஸ்டின் உயரத்தைக் கூட்டிச் சேர்ப்பது சைக்கிள்காரர்களிடையே ஒரு விரதம். எவரெஸ்ட் 8,848.86 மீட்டர். ஆறால் வகுத்தால் 1,475 முறை. ஏறி இறங்க மூன்று நிமிடம் என்றால் 73 மணி 45 நிமிடம். மூன்று நாளுக்குக் கொஞ்சம் மேல். மனித உடம்பு தாங்கும். பின்னால் வரும் டிரெய்லர்கள் மூன்று நாள் பொறுக்குமா என்பதுதான் ஆய்வுக்குரியது.

வளைவுகள் இல்லையே என்பார் சிலர். ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். மணலியில் அந்தப் பெயர்களைப் பள்ளங்களுக்கு வைக்கலாம் என்பது என் பரிந்துரை. எண்ணிக்கை போதாமல் போகுமே என்ற கவலை வள்ளல்களுக்குத்தான் வர வேண்டும், பள்ளங்களுக்கு அல்ல. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். மழைக்காலத்தில் இங்கே முன்சக்கரத்தை அப்படியே கொடுத்துவிட்டு நடந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீரியல்

மேலே உள்ள தண்ணீர் வந்து சேரும் இடமே அடிவாரம். மேற்கே செங்குன்றம் இருக்கிறது. பெயரிலேயே குன்று, அங்கே 1876-இல் உருவான புழல் நீர்த்தேக்கம். அது நிறைந்து மதகைத் திறந்தால் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகும். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் வெள்ள எச்சரிக்கை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எச்சரிக்கையோடு எண்ணெய்ப் படலமும் வந்தது. நாங்கள் அடிவாரத்தில்தான் இருக்கிறோம். இதற்கு மேலும் சான்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள கோட்டை வந்து பார்க்கலாம்.

காற்றியல்

உண்மையைச் சொன்னால், எங்கள் பெரிய மலை கண்ணுக்குத் தெரியாது. அது எதிர்காற்று.

தமிழில் நான்கு காற்றுக்கும் பெயர் உண்டு: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். ஆனி ஆடியில் காலையில் வீசுவது கோடை. செங்குன்றம் நோக்கி மேற்கே மிதித்தால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சரி, திரும்பும்போது அதுவே முதுகில் தள்ளும் என்று கணக்குப் போட்டு, மேற்கே ஒரு டீ, ஒரு பேச்சு என்று பொழுதைப் போக்கினால் ஒரு மணி, இரண்டு மணிக்குக் கடற்காற்று உள்ளே வந்துவிடும். அதாவது கொண்டல். அதுவும் நெஞ்சில்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தரும் தடை நான்கு மடங்கு. ஆக, போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம். இமயத்தில் ஏறியவன் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காட்சி பார்க்கலாம். மணலியில் இறக்கம் என்ற ஒன்றே கிடையாது. என் அக்கா மகன் இந்த இடத்தில் முதல்முறையாக மௌனமானான்.

மலையில்லாத நெதர்லாந்துக்காரர்கள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். 2013 முதல் அங்கே எதிர்காற்றுச் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. புயல் வரும் நாளாகப் பார்த்து, சில நாள் முன்னால்தான் அறிவிப்பார்கள். கடலோரப் புயல்தடுப்பு அணைமீது எட்டரைக் கிலோமீட்டர், எல்லோருக்கும் கியரில்லாச் சைக்கிள். என் மகளின் சைக்கிளுக்கு அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள்.

ஒலியியல்

'சந்தடியற்ற' என்ற சொல்தான் ஆய்வாளனை மிகவும் படுத்தியது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் ஏர்ஹார்ன் அடித்தால் சைக்கிள் மணி ஒலித்ததா இல்லையா என்பது தத்துவக் கேள்வியாகிவிடும்.

மணலி அமைதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் இங்கேதான் வளர்ந்தார். மணலி முத்துகிருஷ்ண முதலியார் அவருடைய தந்தையை ஆதரித்துக் குடிவைத்திருந்தார். முதலியார் குடும்பத்தாரோடு ஜார்ஜ் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டதில் பிறந்தவை தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள். அன்றைக்கு மணலிக்காரர் சத்தம் கேட்கக் கோட்டைக்குப் போக வேண்டியிருந்தது. இன்றைக்குக் கோட்டைக்குப் பக்கத்துத் துறைமுகமே ஆள் விட்டு அழைத்துக்கொள்கிறது.

ஆனாலும் அமைதியைக் கண்டுபிடித்தேன், எதிர்பாராத இடத்தில். துறைமுக வாசலில் ஏதாவது தடங்கல் என்றால் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசைகட்டி நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டவ் பற்றவைப்பார்கள். இரண்டு பக்கமும் பெட்டிச் சுவர்கள், நடுவில் ஒரு சைக்கிள் போக மட்டும் இடைவெளி, குருமா கொதிக்கும் சத்தம். அந்தக் கணவாயில் என் செயின் கவர் பாடுவது எனக்கே கேட்டது. ஊர் முழுக்கத் திட்டித் தீர்க்கும் நேரம்தான் சைக்கிள்காரனுக்குச் சந்தடியற்ற நேரம். என்மனார் பஞ்சர் கடையார்.

களவியல்

கடைசி ஞாயிறு விடிகாலையில் மாத்தூர், கொசப்பூர், தீயம்பாக்கம் வழியாகச் செங்குன்றத்துக்குக் கிளம்பினேன். மலையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டுரையை முடிப்பதாகத் திட்டம். கோடைக் காற்று முறைப்படி நெஞ்சில். தூக்கில் பாதி ரசம். வழியில் எருமைகள், மூடிய குடோன்கள், ஒரு குளத்தில் நாரைகள். லாரிகள் மூன்றே மூன்று. இரண்டு இடங்களில் எழுந்து நின்று மிதித்தேன். ஓரிடத்தில் தள்ளினேன்.

ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, நெல் மண்டிகள் தெரிந்தன. குன்று மட்டும் தெரியவில்லை. டீக்கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க, "அண்ணே, இங்க மலை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

பாய்லரிலிருந்து நிமிராமலே சொன்னார்: "இங்க ஏது சார் மலை? மலை பாக்கணும்னா மணாலிக்குப் போங்க."

"அங்கிருந்துதாண்ணே வர்றேன்."

அவர் நிமிர்ந்தார். என் வியர்வையைப் பார்த்தார், கூடை வைத்த சைக்கிளைப் பார்த்தார், காலியான தூக்கைப் பார்த்தார். டீக்குக் காசு வாங்கவே இல்லை.