இழைப்புளி சார்

மரவேலை தெரிந்தவர் வீட்டில் பெஞ்சு, ஸ்டூல், தொட்டில் என்று ஏதாவது இருக்கும். இழைப்புளி சார் வீட்டில் இழைப்புளி இருக்கும்.

துறையூரில் இவரை அடையாளம் காண்பது சுலபம். பேங்கிலோ மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருந்து ரிட்டையர் ஆனவர், பையன் வெளிநாட்டில், சொந்த வீட்டில் கார் இல்லாத கார் ஷெட். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஒன்று ஹோமியோபதி பார்க்க ஆரம்பிப்பார், இல்லாவிட்டால் இழைப்புளி சேர்ப்பார். முதல் மாதம் தெப்பக்குளத்தைச் சுற்றி வாக்கிங் போவார். அடுத்த மாதம் பெருமாள்மலைக்கு நடந்தே ஏறுவார். அதற்கடுத்த மாதம் முழங்கால் ராஜினாமா கொடுக்கும். உட்கார்ந்த இடத்தில் பொழுதுபோக என்ன வழி என்று யோசிக்கையில் பையன் போனில் ஒரு மரவேலை வீடியோவை அனுப்பி வைப்பான். அந்த வீடியோவில் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார்கள் என்பது சாருக்குத் தடையே இல்லை. அவர் செய்யப் போவது மரவேலை இல்லையே.

சேகரிப்பு நாட்டு இழைப்புளியில் ஆரம்பிக்கும். வைரம் பாய்ந்த கட்டையைக் குடைந்து, அலகைச் செருகி, ஆப்பு வைத்து இறுக்கியது. திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் மெஷினுக்கும் திருப்பூருக்கும் போன பிறகு இவை பரணில் கிடக்கின்றன. சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பிலியபுரம் வரை வீடு வீடாக விசாரிப்பார். "தாத்தா காலத்து இழைப்புளி ஏதாவது கெடக்காம்மா?" என்றால், "ஒரு சாக்கு நெறைய கெடந்துச்சுங்க, போன பொங்கலுக்குத்தான் அடுப்புக்குப் போட்டோம்" என்று பதில் வரும். அன்றைக்கு சாருக்குச் சோறு இறங்காது.

அடுத்தது இரும்பு ஜாதி. லெனார்டு பெய்லி என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த அமைப்பை ஸ்டான்லி கம்பெனி 1869-இல் வாங்கியது. "காந்தி பொறந்த வருஷம்" என்று சேர்த்துச் சொன்னால்தான் சாருக்குத் திருப்தி. இவற்றுக்கு நம்பர் உண்டு. அஞ்சாம் நம்பர் 14 அங்குலம், ஏழாம் நம்பர் 22 அங்குலம். டீக்கடையில் நின்று, "அஞ்சு வந்துருச்சு, ஏழு இன்னும் வரல" என்று இவர் போனில் பேசுவதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் டவுன் பஸ் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். ஒன்றாம் நம்பர் என்று ஒன்று உண்டு, ஐந்தரை அங்குலம்தான். பெரியவர் கைக்குப் பிடிபடாத பொடிசு, பெரிய வேலைக்கு ஆகாது. ஆகாததால் அந்தக் காலத்தில் அதிகம் பேர் வாங்கவில்லை, வாங்காததால் அபூர்வம், அபூர்வம் என்பதால் இன்று சேகரிப்பவர்கள் சொத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். சார் கனவில் வருவது அதுதான்.

சேர்த்ததை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதில்தான் சாரின் மேதைமை முழுதாக வெளிப்படும். அலகு தரையில் இடிபடாமல் பக்கவாட்டில் படுக்க வைக்கச் சொல்வது ஒரு கட்சி. படுக்க வைத்தால் பக்கத்தில் கிடக்கிற உளி அலகைப் பதம் பார்த்துவிடும், மரப்பலகையில் நேராகவே உட்கார வைக்கலாம் என்பது எதிர்க்கட்சி. என்னைக் கேட்டால், இழைப்புளியை எடுத்து வேலை செய்கிறவர் அதை எப்படி வைத்தாலும் சரி. சாருக்கு இது கேட்காது. மகனின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்து, 20 டிகிரி சாய்வுப் பலகை, ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பு, அலகு படாமலிருக்க அடியில் மெல்லிய பட்டை என்று திட்டம் வரைந்தார். மாசிக்கு ஒரு வரைபடம், பங்குனிக்கு இன்னொன்று.

இடைக்கால ஏற்பாடாகத் திருச்சி பெரிய கடைவீதியில் சிவப்பு வெல்வெட் வாங்கி வந்து, நகைப்பெட்டி மாதிரி உள்ளே ஒட்டினார். ஐப்பசி மழை பிடித்தது. வெல்வெட் ஈரத்தை உறிஞ்சி விடாமல் வைத்துக்கொண்டது. கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால் அஞ்சாம் நம்பரின் அடிப்பாகம் முழுக்க வெல்வெட்டின் நெசவு துருவில் அச்செடுத்திருந்தது, ஒரு இழை பிசகாமல். அதன் பிறகு தையல் மெஷின் எண்ணெய். அதோடு, இழுப்பறையில் சூடம் போட்டால் இரும்பு துருப்பிடிக்காது என்று எங்கேயோ படித்தார். உண்மைதான், மேல்நாட்டுத் தொழிலாளிகளும் கருவிப்பெட்டியில் சூடக்கட்டி போட்டு வைத்திருக்கிறார்கள். சாமி அலமாரியில் சூடம் குறைவதைக் கவனித்த வீட்டம்மா, "ஏங்க, வெள்ளிக்கிழமை ஆரத்திய அந்தக் கட்டைங்களுக்கே காட்டிரட்டுமா?" என்று கேட்டார். கேள்வியில் இருந்த குத்தல் சாருக்குப் புரியவில்லை. புகை நல்லதில்லை என்றார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மழைக்குக் கதவு ஊதிப்போய் சாத்த முடியவில்லை, ஒரு இழைப்புளி கிடைக்குமா என்று கேட்டார். சார் அவரை உட்கார வைத்து, பொம்பெயி நகரில் எரிமலைச் சாம்பலுக்கடியில் ரோமானிய இழைப்புளி கிடைத்ததிலிருந்து ஆரம்பித்தார். ஜப்பானில் இதைத் தள்ளுவதில்லை, தன் பக்கம் இழுப்பார்கள் என்றும், அங்கே சீவல் போட்டியே நடக்கிறது, சீவலின் கனத்தை மைக்ரானில் அளக்கிறார்கள் என்றும் விளக்கினார். தான் சீவிய ஒரே சீவலை லேமினேட் செய்து வைத்திருப்பதையும் காட்டினார். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார். அன்றிரவும் கதவுக்கு அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்துத்தான் தூங்கினார்.

கடைசியில் அலமாரி செய்ய ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி எக்ஸெல் மொபெட்டில் ப்ளைவுட்டைக் கட்டி, உரச்சாக்கில் கருவிகளோடு வந்து இறங்கினார்.

"இழைப்புளி எடுத்துட்டு வரலியா ஆசாரி?"

"ப்ளைவுட்டுக்கு இழைப்பு ஏதுங்க சார்? ஓரத்துல மெஷின ஒரு ஓட்டு ஓட்டுனா முடிஞ்சுது."

"தேக்குலயே பண்ணா என்ன?"

"பண்ணலாம். அப்பறம் இழைப்புளிய வெளியில வெச்சிட்டு, அலமாரியத்தான் பூட்டி வெக்கணும்."

முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு தேக்கு ரீப்பர் தேவைப்பட்டது. "உங்ககிட்ட இத்தன இருக்கே சார், ஒண்ணு குடுங்க, இழைச்சுக்கறேன்" என்றார் ஆசாரி. சாருக்கு முகம் வெளுத்தது. "அதெல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன் ஆசாரி."

"செட் பண்ணி வெச்சதத்தானே சார் கேக்கறேன்?"

ஆசாரி ஒரு நாட்டு இழைப்புளியை எடுத்தார். ஒற்றைக் கண்ணை மூடி அடிப்பாகத்தின் நீளத்துக்குப் பார்த்தார். கொட்டாப்புளியால் பின்பக்கம் ஒரு தட்டு, ஆப்பு நெகிழ்ந்தது. "சும்மா கெடக்கையில ஆப்ப இறுக்கி வெக்காதீங்க. கட்டை வேல செய்யும், வாய் விரிஞ்சு போயிரும்" என்றபடி அலகை நகத்தில் வைத்து வழுக்கிப் பார்த்தார். வழுக்கியது. ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்துவிட்டு மெஷினைப் போட்டார்.

அலமாரி எழுந்தது. விளக்கு, கண்ணாடிக் கதவு, நம்பர் எழுதிய பித்தளை வில்லை. பெருமை தாங்காமல் சார் போட்டோவை எடுத்துக்கொண்டு பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூருக்குப் போனார். அங்கே மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி தரையில் சம்மணமிட்டு வாகைக் கட்டையில் மயில் தோகை செதுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் உளிகள் சாக்கின் மேல் இறைந்து கிடந்தன. கண் மயிலை விட்டு நகராமலே கை சரியான உளியை எடுத்தது. போட்டோவைப் பார்த்து, "அருமையா இருக்குங்க. இதையெல்லாம் வெச்சு என்ன செஞ்சிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இந்த அலமாரி" என்றார் சார்.

ஆயுத பூஜை வந்தது. சந்தனம் ஈரம், குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறதோ, இரும்பில் படவே கூடாது. வீட்டம்மா விடவில்லை; பூஜை இல்லாமல் எப்படி? சார் சமயோசிதமாக அலமாரியை போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அதற்குப் பொட்டு வைத்தார்.

பொரி வாங்கிக்கொள்ள ஆசாரி பட்டறைக்குப் போனால், ஆசாரியின் இழைப்புளி முகமெல்லாம் சந்தனம், அலகிலேயே குங்குமம்.

"துரு ஏறிடுமே ஆசாரி!"

"நாளைக்கு நாலு இழுப்பு இழுத்தா போயிரும் சார்."

சார் குனிந்து பார்த்தார். கைபட்டுக் கறுத்துப் பளபளத்த கட்டை. "இது எந்தக் காலத்து அயிட்டம்? குடுக்கறீங்களா?"

ஆசாரி யோசித்தார். "எங்கப்பாவுது. குடுக்கறதுக்கில்ல. ஆனா தம்மம்பட்டியில என் மச்சான்கிட்ட இதே மாதிரி ஒரு ஆறேழு கெடக்கு. வெக்கறதுக்கு உங்ககிட்ட எடம் இருக்கா?"

"எடத்துக்கென்ன, இன்னொரு அலமாரி அடிச்சிருவோம்."

பூஜையில் வைத்த டேப்பை மறுநாள் வரை தொடக் கூடாது. ஆசாரி இழைப்புளியின் மேல் கை படாமல் காற்றிலேயே சாண் போட்டு அளந்து கணக்குச் சொன்னார். அட்வான்ஸ் வாங்க எந்தச் சாஸ்திரத்திலும் தடையில்லை.