ஆயாம்மா தேவை

2017-இல் சட்டத்தைத் திருத்திப் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 27-ஆவது வாரம் பிள்ளையை யார் பார்ப்பது என்பது அவரவர் பாடு. 50 பேராவது வேலை செய்யும் இடமென்றால் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்கிறது சட்டம். என் மனைவியின் அலுவலகத்தில் 48 பேர். "இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்கச் சொல்லேன்" என்றேன். "நீங்களும் உங்க அம்மாவும் வந்து சேருங்க" என்றாள்.

ஆகவே ஆயாம்மா தேடினோம். நேர்காணல் அம்மா பொறுப்பு. முதலில் வந்தவரிடம், "ரசத்துக்குப் புளி எவ்வளவு போடுவ?" என்றார். ஆறு மாதப் பிள்ளை ரசம் கேட்டு அழாது என்று அம்மாவிடம் யார் சொல்வது?

அடுத்தவரை ஏஜென்சி அனுப்பியது. பத்து வருட அனுபவமாம். முன்பு வேலை பார்த்த வீட்டு நம்பர் கேட்டால், "அவங்க அமெரிக்கா போயிட்டாங்க" என்றார். அதற்கு முந்தைய வீடு? அதுவும் அமெரிக்கா. அவர் வளர்த்த பிள்ளை ஒன்றுகூடச் சென்னையில் மிச்சமில்லை.

கடைசியில் தெருமுனை இஸ்திரிக்காரர் ஒருவரை அனுப்பினார். காவல்துறை இணையதளத்தில் வேலைக்கு வருபவரைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம், செய்யவும் வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் இஸ்திரிக்காரருக்குத் தெரியாத குடும்பம் கிடையாது.

வந்த அம்மாள் கேட்காமலே பழைய வீட்டு நம்பரைக் கொடுத்தார். பிறகு நேரே குளியலறைக்குப் போய், நிரம்பியிருந்த வாளியைக் கவிழ்த்தார்.

"ஐயோ, மெட்ரோ வாட்டர்!" என்று அம்மா அலறினார்.

"நாளைக்கே புள்ள தவழும்மா. வாளியில தண்ணி நிக்கக் கூடாது."

மூடி உடைந்த பொம்மையிலிருந்து பட்டன் பேட்டரியைக் கழற்றி என் கையில் வைத்தார். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும் சனியன் அது. பிள்ளையைத் தூக்கிப்போக யார் யார் வரலாம் என்று பட்டியல் கேட்டார். அதில் இல்லாதவர், சித்தப்பாவே ஆனாலும், வாசலோடு சரி.

கேமரா வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா வைங்க சார். பெரியம்மா நாக்குல தேன் தடவறதும் அதுல தெரியணும். ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகாதுன்னு போன வீட்டு டாக்டர் சொன்னாங்க."

அன்றே கேமரா வந்துவிட்டது. அம்மா இப்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறார்.